பூனையைக் குறை சொல்ல முந்தி ஒரு மேசை குடுங்க

போன மாசம் ஒரு சூம் மீட்டிங்கில் எங்கள் வீட்டுப் பூனை வாலைத் தூக்கிக்கொண்டு கமராவுக்கு முன்னால் நடந்து போனது. போகிற போக்கில் கீபோட்டில் கால் வைத்து, நான் பாதியில் நிறுத்தி வைத்திருந்த ஒரு செய்தியை எல்லாருக்கும் அனுப்பியும் விட்டது. நாலு பேர் சிரித்தார்கள். மேலதிகாரி சிரிக்கவில்லை. மீட்டிங் முடிந்து பத்து நிமிஷத்தில் ஈமெயில் வந்தது. வீட்டிலிருந்து வேலை செய்பவர்களுக்கான அறிவுரைகள். வேலைக்கென்று தனி அறை வைத்துக்கொள்ளுங்கள். கதவைச் சாத்திக்கொள்ளுங்கள். செல்லப்பிராணிகளை வேறு அறையில் விடுங்கள்.

வாசித்துவிட்டு எங்கள் காம்பராவைச் சுற்றிப் பார்த்தேன். தனி அறையா? எந்தக் கதவைச் சாத்துறது? எங்களுக்கு இருக்கிறது ஒரே கதவு. அதைச் சாத்தினால் பூனை மட்டுமில்லை, அம்மா, தங்கச்சி, பாட்டி, வெளிச்சம் எல்லாமே வெளியே நிக்கணும்.

இந்தக் கட்டுரை பூனையின் பக்கம் நின்று எழுதப்படுகிறது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் பூனை கீபோட்டில் ஏறுவது சரி என்று நான் சொல்லவில்லை. நான் பார்க்கிறது கொழும்பில் இருக்கிற ஒரு கொம்பனியின் பில்லுகளை ஒத்துப் பார்க்கிற வேலை. ஒரு சைபர் கூடினால் வினை. கொம்பனிக்காரரின் கவலையில் நியாயம் இருக்கிறது. அதனால் பூனையை எப்படித் தள்ளி வைக்கிறது என்பதை முதலில் பேசுவோம். அதைச் செய்து முடிச்சப் பிறகுதான் மத்தக் கேள்விகளைக் கேக்கிற உரிமை நமக்கு வரும்.

பூனை லெப்டொப்பில் ஏறுவது திமிரில் இல்லை, குளிரில். மனுஷனுக்கு இதமாக இருக்கிற சூடு பூனைக்குப் போதாது. அதன் உடம்பு அலுப்பில்லாமல் இருக்க முப்பது பாகை செல்சியஸுக்கு மேலே வேணும். நோர்வூட் இருக்கிறது கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டருக்கு மேலே. மழைக்காலத்தில் காசல்ரீ பக்கமிருந்து பனி ஏறி வந்தால் பகல் பதினொரு மணிக்கும் சுவெட்டரைக் கழட்ட முடியாது. அப்படிப்பட்ட இடத்தில், வீட்டுக்குள் சூடாக இருக்கிற சாமான்கள் ரெண்டே ரெண்டு. ஒன்று அடுப்பு. மற்றது லெப்டொப்.

அம்மா விடியக்காலை நாலரைக்கு அடுப்பு மூட்டுவா. ரொட்டி சுட்டு, தேத்தண்ணி ஊத்தி, பிரட்டுக்குப் போயிருவா. அடுப்பில் சூடு ஒன்பது மணி வரைக்கும் நிக்கும். அது வரைக்கும் பூனை அங்கே சாம்பலில்தான் சுருண்டு கிடக்கும். அதன் பேரே சாம்பல்தான். ஒன்பது மணிக்கு அடுப்பு ஆறும். ஒன்பது மணிக்குத்தான் எனக்கும் வேலை தொடங்கும், லெப்டொப் சூடாகும். பூனை சரியாகக் கணக்குப் போட்டு எழும்பி வருது. இதில் மர்மம் எதுவும் இல்லை.

"அடுப்பில பூனை தூங்குது" என்று நம்ம பெரியவங்க சொல்வார்கள். அந்த வீட்டில் சமைக்க வழியில்லை என்று அர்த்தம். இப்போ பூனை லெப்டொப்பில் தூங்குது. பழமொழிதான் மாறியிருக்கு.

சரி, என்ன செய்யலாம்? நான் ஒரு வருசமாகப் பட்டுப் படிச்சதைச் சொல்கிறேன்.

துரத்துறதை விட்டுட்டு வேறொரு சூடான இடம் குடுங்க. ஒரு அட்டைப்பெட்டி, அதுக்குள்ளே பழைய கம்பளி, சுடுதண்ணி போத்தல் ஒன்றைத் துணியில் சுத்தி உள்ளே வைச்சால் போதும். பெட்டியைத் தரையில் வைக்காதீங்க. பூனைக்கு உயரம் வேணும், உங்களைப் பார்க்கவும் வேணும். அரிசி மூட்டைக்கு மேலே, அலுமாரித் தலையிலே, உங்கள் கண்ணுக்கு எட்டின இடத்திலே வைங்க. மீட்டிங்குக்கு அரை மணித்தியாலம் முந்தி ஒரு நூலை இழுத்துப் பத்து நிமிஷம் விளையாட விடுங்க, பிறகு சாப்பாடு போடுங்க. வேட்டையாடி, தின்று, நக்கித் துடைச்சு, தூங்குவது பூனையின் ஒழுங்கு. அதைக் குழப்பாமல் இருந்தால் மீட்டிங் நேரத்தில் அது நல்லா தூங்கும். எழும்பிப் போகும்போது விண்டோஸ் பொத்தானையும் எல் எழுத்தையும் சேர்த்து அமுக்குங்க, திரை பூட்டிக்கொள்ளும். கீபோட்டை ஒரு தட்டாலோ பலகையாலோ மூடி வைங்க. மாசம் ஒரு தரம் லெப்டொப்பின் காத்தாடி ஓட்டையில் அடைச்சிருக்கிற முடியைத் துடைச்செடுங்க. இல்லாட்டி சூடு கூடும். சூடு கூடினால் பூனைக்கு இன்னும் சந்தோஷம்.

செய்யக்கூடாததையும் சொல்லணும். தண்ணி அடிக்காதீங்க. அதனால் பூனை படிக்கிற பாடம் "மேசையில ஏறக்கூடாது" இல்லை, "இந்த ஆளு இருக்கும்போது ஏறக்கூடாது" என்பது மட்டும்தான். மேசையைச் சுத்தி யூக்கலிப்டஸ் தைலம் தடவுறது, பூச்சி உருண்டை வைக்கிறது, தோடம்பழ எண்ணெய் தெளிக்கிறது எல்லாம் நம்ம பக்கம் நடக்குது. தயவுசெய்து நிப்பாட்டுங்க. இந்தப் பொருள்களை உடைச்சு வெளியேத்துற சக்தி பூனையின் ஈரலுக்குக் குறைவு. காலில் ஒட்டினதை நக்கினாலே விஷமாகும். சாக்கில் கட்டி டவுனில் கொண்டுபோய் விடுறது அதைவிடக் கேவலம். லயத்தில் பூனை அழகுக்கு வளர்க்கிற சாமான் இல்லை. அரிசி மூட்டையை எலியிடமிருந்து காப்பாத்துறது அதுதான். எலிக்காய்ச்சல் உயிரை எடுக்கிற நோய் என்பது நமக்குத் தெரியும். பூனை நம்ம வீட்டில் சம்பளமில்லாத வேலையாள். வேலையாளை விரட்டுற பழக்கம் துரைமாருக்கு இருக்கட்டும், நமக்கு வேணாம்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

மேலே சொன்னதெல்லாம் நான் செய்கிறேன். பெரும்பாலும் பலிக்குது. ஆனால் அட்டைப்பெட்டி வைச்ச பிறகு எனக்குக் கால் நீட்ட இடமில்லை. எங்கள் காம்பரா பத்தடிக்குப் பன்னிரண்டடி. நூத்தி இருபது சதுர அடி. அதுக்குள் ஒரு கட்டில், ஒரு அலுமாரி, டீவி, சாமிப்படம், ஐந்து பேர், ஒரு பூனை, ஒரு கொம்பனி. மேசை என்று நான் சொல்வது தையல் மெசினின் மேல் பலகை. பூனை அதில் ஏறுது என்றால், ஏற வேறே இடமில்லை என்றுதான் அர்த்தம். நெருக்கடி பூனைக்கும் இருக்கு. அதுக்கு ஈமெயில் அனுப்பத் தெரியாது, அவ்வளவுதான்.

கோப்பிக் காலத்தில் ஆட்களைக் கொண்டுவந்து அடைக்கக் கட்டின வரிசை வீடுகளின் அளவு இது. கோப்பி போய் தேயிலை வந்தது, வெள்ளைக்காரன் போனான், தோட்டங்கள் அரசாங்கத்துக்குப் போய் மறுபடி கொம்பனிகளிடம் வந்தன. அளவு மட்டும் அப்படியே. நம்ம நோர்வூட் மைதானத்தில் 2017 மே 12 ஆம் திகதி இந்தியப் பிரதமர் மோடி வந்து நின்று பேசினது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். ஏற்கனவே வாக்குக் குடுத்த 4,000 வீடுகளோடு இன்னும் 10,000 வீடுகள் என்று அன்றைக்கு அறிவித்தார். மைதானம் அதிரக் கைதட்டினோம். நானும் தட்டினேன், அப்போ பள்ளிக்கூட உடுப்பில் இருந்தேன். அந்தப் பத்தாயிரத்தில் முதற்கட்டத்துக்கு அடிக்கல் வைக்க 2024 ஆகிவிட்டது. ஏழு பேர்ச் காணி, 550 சதுர அடி வீடு. எங்கள் காம்பராவைவிட நாலு மடங்குக்கும் மேலே. அப்படியொரு வீட்டில் பூனைக்குக் கதவைச் சாத்தலாம். கொம்பனியின் அறிவுரையும் அங்கேதான் பொருந்தும்.

"ஒரு தட்டு அடிச்சுக்கோ, பின்னாடி ஒரு பத்தி இறக்கிக்கோ" என்று கொழும்பிலிருக்கிற கூட்டாளி ஒருத்தி சொன்னா. அவளுக்குத் தெரியாது. லயம் நம்முடையது இல்லை. பின்னால் பத்தி இறக்குவதென்றால் தோட்ட நிர்வாகத்திடம் கேட்கணும். வீட்டில் யாராவது ஒருத்தர் தோட்டத்தில் பேர் போட்டுக்கொண்டிருக்கும் வரைதான் காம்பராவில் நிம்மதி. எங்கள் வீட்டில் அந்த ஒருத்தர் அம்மா.

இதை நான் கொஞ்ச நாள் யோசிச்சேன். அம்மா மலைக்குப் போவதால்தான் இந்தக் காம்பரா எங்கள் கையில் இருக்கு. இந்தக் காம்பராவில்தான் கொம்பனியின் ஒபிஸ் நடக்குது. அப்படியென்றால் கொழும்பில் இருக்கிற அந்தக் கொம்பனிக்கு ஒபிஸ் வாடகை கட்டுவது யார்? அட்டை கடிக்கிற காலோடு, படங்கு கட்டிக்கொண்டு கொழுந்து எடுக்கிற எங்க அம்மா. கொம்பனிக்கு அம்மாவின் பேர் கூடத் தெரியாது.

அதோடு கரண்ட் பில் எங்களது. டேட்டா எங்களது. கதிரை எங்களது, அதுவும் பக்கத்துக் காம்பரா அண்ணனிடம் இரவல். நான் மீட்டிங்கில் இருக்கும்போது பாட்டி இருமலை அடக்கிக்கொண்டு இஸ்தோப்பில் உட்கார்ந்திருப்பா. தங்கச்சி சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை, வாய்விட்டுப் படிக்க முடியாமல் வாய்க்குள்ளேயே முணுமுணுப்பா. "வீட்டிலிருந்து வேலை" என்கிறார்கள். எங்கள் வீட்டில் மொத்தக் குடும்பமும் அந்த வேலையில் இருக்கு. சம்பளம் ஒரு ஆளுக்கு.

இன்னொன்று இருக்கு. கொம்பனி என் லெப்டொப்பில் ஒரு மென்பொருள் போட்டிருக்கு. பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் திரையைப் படம் பிடிக்கும், கீபோட்டில் எத்தனை தட்டு என்று எண்ணும். திரையைப் பூட்டப் பழகுவதற்கு முந்தி, ஒரு நாள் தண்ணி பிடிக்கப் போனேன். பீலியில் வரிசை, இருபது நிமிஷம் பிடிச்சது. திரும்பி வந்தால் சாம்பல் கீபோட்டில் படுத்துக் கிடக்குது, திரை முழுக்க ஒரே எழுத்து. அன்றைய அறிக்கையில் எனக்கு அதிகப் புள்ளி கிடைச்சது அந்த இருபது நிமிஷத்துக்குத்தான். மறுநாள் ஒத்துவராத ஒரு கணக்கைக் கண்டுபிடிக்க அரை மணித்தியாலம் பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்தேன். கண்டும் பிடிச்சேன். அறிக்கையில் அந்த அரை மணித்தியாலம் சும்மா இருந்த நேரம்.

நம்ம ஆட்களுக்கு இது புதுசா? கிலோ குறைஞ்சால் அரைப்பேர். தராசில் நிறுக்கும்போது ஈரத்துக்குக் கழிவு, சாக்குக்குக் கழிவு. பறிச்ச கைக்குத் தெரியும் எவ்வளவு பறிச்சது என்று. ஆனால் தராசு சொல்வதுதான் கணக்கு. அம்மாவுக்குக் கங்காணி மலைக்கு மேலே நின்று பார்ப்பார். எனக்குக் கங்காணி திரைக்குள்ளே உட்கார்ந்திருக்கார். நான் படிச்சு முன்னேறி வந்த தூரம் இவ்வளவுதான்.

இதில் வேடிக்கை என்ன தெரியுமா? கீபோட்டில் தட்டுவது பூனையா மனுஷனா என்று கண்டுபிடிக்கிற மென்பொருள் இருபது வருசத்துக்கு முந்தியே வந்தாச்சு. அமெரிக்காவில் கிறிஸ் நிஸ்வாண்டர் என்பவர் எழுதின போசென்ஸ். பூனைக் காலின் தட்டு முறையைக் கண்டதும் பூனைக்குப் பிடிக்காத சத்தம் போட்டு, கீபோட்டைப் பூட்டிவிடும். சிரிக்க வைத்து யோசிக்க வைக்கிற ஆராய்ச்சிகளுக்குக் குடுக்கிற இக் நோபல் பரிசு அதுக்கு 2000 ஆம் ஆண்டில் கிடைச்சது. அன்றைக்கு ஒரு தனி ஆள் பிரித்துக் காட்டினதை இன்றைக்கு என்னைக் கண்காணிக்கிற மென்பொருளால் பிரிக்க முடியவில்லை. எனக்கும் பூனைக்கும் வித்தியாசம் தெரியாத ஒரு இடத்திலிருந்துதான் "பூனையைத் தள்ளி வையுங்கள்" என்று எனக்கு ஈமெயில் வருது.

பூனைக்கு மரியாதை கிடைச்ச கதையும் இருக்கு. 1975 இல் ஜாக் ஹெதரிங்டன் என்ற அமெரிக்க பௌதிகவியலாளர் தனியாக எழுதின கட்டுரையில் "நாங்கள்" என்று போட்டுவிட்டார். ஒரு ஆள் எழுதினால் அப்படி எழுதக்கூடாது என்று சொன்னார்கள். தட்டச்சில் முழுக்கத் திரும்ப அடிக்கச் சோம்பல்பட்டு, தன் பூனையை எஃப். டி. சி. வில்லர்ட் என்ற பேரில் இணை ஆசிரியராகச் சேர்த்தார். கட்டுரை பெரிய ஆய்விதழில் வந்தது. 2021 பெப்ரவரியில் அமெரிக்காவின் டெக்ஸஸ் நீதிமன்ற சூம் விசாரணையில் ஒரு சட்டத்தரணியின் முகம் பூனைக்குட்டியாகத் தெரிஞ்சபோது, நீதிபதி கோபப்படாமல் அதை எப்படி நீக்குறது என்று சொல்லிக் குடுத்தார். உலகமே ரசிச்சது. பேராசிரியரின் பூனை இணை ஆசிரியர் ஆகுது. சட்டத்தரணி பூனையானால் பகிடி. லயத்துப் பிள்ளையின் பூனை திரையில் தெரிஞ்சால் மட்டும் ஒழுக்கக்கேடு. ஏன்? பூனைக்குப் பின்னால் என்ன தெரியுது என்பதுதான் காரணம். அவர்களுக்குப் பின்னால் புத்தக அலுமாரி. எனக்குப் பின்னால் புகை படிஞ்ச சுவர், கொடியில் காயுற உடுப்பு. அவங்க பார்க்க விரும்பாதது பூனையை இல்லை.

"வேலை கிடைச்சதே பெருசு, இதெல்லாம் பேசணுமா?" என்று நம்ம ஆட்களே கேட்பார்கள். கேளுங்க. இந்த வேலை இல்லாவிட்டால் நான் கொழும்பில் ஒரு கடையிலோ கார்மென்ட்ஸிலோ நின்று, போர்டிங் வாடகைக்கே பாதிச் சம்பளத்தைக் குடுத்திருப்பேன். அது உண்மை. வீட்டிலிருந்து உழைக்கிறது எனக்குப் பிடிச்சிருக்கு. சாயங்காலம் அம்மா வரும்போது தேத்தண்ணி ஊத்திக் குடுக்க முடியுது. ஆனால் "பெருசு" என்று சொல்லிச் சொல்லித்தான் இருநூறு வருசம் போனது. கிடைச்சதுக்கு நன்றி சொல்வது வேறே, கிடைக்க வேண்டியதைக் கேட்பது வேறே. 2020 மார்ச்சில் ஊரடங்கு போட்டு நாடே வீட்டுக்குள் இருந்தபோதும் தேயிலைக்கு விதிவிலக்கு. அம்மா மலைக்குப் போனா. 2022 மார்ச் கடைசியில் பதின்மூன்று மணித்தியால மின்வெட்டு வந்தது. நம்ம காசல்ரீத் தண்ணிதான் விமலசுரேந்திர மின் நிலையத்தை ஓட்டுது, இருட்டில் உட்கார்ந்திருந்ததும் நாமதான். நாம் ஏற்கனவே நிறையக் குடுத்தாச்சு.

சட்டமும் நம்மை இன்னும் பார்க்கவில்லை. கடை, அலுவலக ஊழியர் சட்டம் 1954 இல் வந்தது. நாளைக்கு எட்டு மணித்தியாலம், கிழமைக்கு நாற்பத்தைந்து மணித்தியாலம் என்று அது சொல்லுது. ஒபிஸ் என்பது ஒரு லயக்காம்பராவாக இருக்கலாம் என்று அன்றைக்கு யார் நினைத்திருப்பார்? வீட்டிலிருந்து கூலிக்கு உழைப்பவர்களையும் மத்தத் தொழிலாளர் போலவே நடத்தணும் என்று சர்வதேச தொழிலாளர் அமைப்பு 1996 இல் ஒரு சமவாயம் கொண்டுவந்தது. அதை ஏற்றுக்கொண்ட நாடுகளில் இலங்கை இல்லை.

மேடைகளில் இப்போ ஒரு புதுப் பேச்சு. "மலையக இளைஞர்களுக்கு ஐடி, ஹட்டனில் இருந்தே உலகத்துக்கு வேலை" என்கிறார்கள். நல்லது. ஆனால் லெப்டொப்பை எங்கே வைக்கிறது? அதையும் சேர்த்துச் சொல்லுங்க. மேசை வைக்க இடமில்லாத வீட்டுக்கு லெப்டொப் குடுப்பது, காணி குடுக்காமல் நாத்துக் குடுக்கிற மாதிரி.

நான் கேட்பது பெரிய விஷயமில்லை. தனி அறை வேணும் என்று அறிவுரை சொல்கிற கொம்பனிகள் ஒரு மேசை, ஒரு கதிரை, கரண்டுக்கும் டேட்டாவுக்கும் ஒரு தொகை குடுக்கட்டும். தட்டை எண்ணாமல் முடிச்ச வேலையை எண்ணட்டும். 2018 இலிருந்து நமக்கென்று ஒரு நோர்வூட் பிரதேச சபை இருக்கு. டவுனில் ஒரு மண்டபத்தில் பத்து மேசை, நல்ல இணைய இணைப்பு, இரவு எட்டு மணி வரை வெளிச்சம் என்று அது தொடங்கலாம். வேலை செய்யுற பிள்ளைகளும் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகளும் அங்கே உட்காரலாம். தோட்டங்களில் பூட்டிக் கிடக்கிற கட்டடங்களைத் திறந்துவிடலாம். வீடு கட்டும்போது உறுதியோடு, நம்ம பேரில், படிக்கவும் உழைக்கவும் ஒரு மூலை சேர்த்துக் கட்டட்டும். இளைஞர்களே, மேசைக்கும் கரண்டுக்கும் கேக்கிறதை ஒவ்வொருத்தரும் தனித்தனியாகக் கேட்டால் ஈமெயில்தான் வரும். ஒரே கொம்பனியில் இருக்கிற நாலு பேர் சேர்ந்து கேளுங்க.

அந்த ஈமெயிலுக்கு நான் பதில் போட்டேன். அறிவுரைக்கு நன்றி, சாத்துவதற்கு ஒரு கதவு தேவை, நீளம் அகலம் இத்தனை என்று காம்பராவின் அளவை எழுதி அனுப்பினேன். இன்னும் பதில் வரவில்லை. சாம்பல் அரிசி மூட்டை மேலே பெட்டிக்குள் தூங்குது. நான் கால் மடக்கி உட்கார்ந்து இதைத் தட்டுறேன்.